ஃபார்மேட் பண்ணிடலாமா?

பாட்டுப்பெட்டி மக்கர் பண்ணுதுன்னு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனா, கடைக்காரப் பையன் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டான். "ஃபார்மேட் பண்ணிடலாண்ணா, சரியாயிடும்." எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் இது. இதுக்கு 100 ரூபா கூலி வேற.

உள்ளே இருக்கிறது சினிமாப் பாட்டுதானே, மறுபடி ஏத்திக்கலாம்னு நீங்க நினைக்கலாம். உங்க வீட்டுல அது சரி. எங்க அம்மா நடவுல பாடினதை 40 நிமிஷம் பதிஞ்சு ஒரு 4 ஜிபி கார்டுல வெச்சிருக்கேன். அம்மா இப்ப இல்லை. அதை எந்த யூடியூப்ல தேடுறது? சிப்காட்ல வேலை செய்யுற ஒடிசா பையன்களும் ஊர்ல இருந்து கார்டுல பாட்டு ஏத்திக்கிட்டுதான் வர்றாங்க. அவங்ககிட்டயும் இதே பதில்தான்.

கார்டுல பாட்டு வேற, எந்தப் பாட்டு எங்க இருக்குன்னு சொல்ற கணக்கு வேற. பெரும்பாலும் கெட்டுப்போறது அந்தக் கணக்குதான். வி.ஏ.ஓ. ஆபீசுல சிட்டா கிழிஞ்சா நிலம் எங்கயாவது ஓடிப்போயிடுமா? மேல புதுசா எதையும் எழுதாத வரைக்கும் பழைய பாட்டை மீட்க வழி இருக்கு.

பாதி நேரம் கோளாறு கார்டுலயே இருக்காது. சின்னப் பெட்டிகள்ல பழைய நோக்கியா பேட்டரி மாதிரி ஒண்ணு கிடக்கும். அது உப்பிப்போனா பெட்டி பாதிப் பாட்டுல நின்னுடும். பேட்டரியை மாத்துங்க. கார்டோட செம்புப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால லேசா தேய்ங்க. அப்பவும் பாடலைன்னா கார்டைப் பெரிய அடாப்டர்ல சொருகி, பக்கத்துல இருக்கிற லாக்கைத் தள்ளிட்டு கம்ப்யூட்டர்ல போடுங்க. "ஃபார்மேட் பண்ணவா?"ன்னு அதுவும் கேட்கும் (கடைக்காரப் பையனோட அண்ணன்!). வேண்டாம்னு சொல்லுங்க. பாட்டு தெரிஞ்சா உடனே காப்பி எடுங்க. தெரியலைன்னா ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. பேருதான் போட்டோ, பாட்டையும் தோண்டி எடுக்கும். எடுத்ததை அதே கார்டுல போடாம வேற டிஸ்க்குல போடணும்.

உங்க மேஜை டிராயர்ல பழைய ஐபாட் கிடக்கலாம். 2022ல ஆப்பிள் அதை நிறுத்திட்டாங்க. சக்கரம் வெச்ச கிளாசிக் மாடல் உறைஞ்சு நின்னா மெனுவையும் நடு பட்டனையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. பாட்டு அழியாமலே திரும்பக் கிளம்பும். 'ரீஸ்டோர்' பக்கம் மட்டும் போகாதீங்க, அது மொத்தத்தையும் துடைச்சிடும்.

இதையெல்லாம் பார்க்க அரை மணி ஆகும். ஃபார்மேட்டுக்கு அரை நிமிஷம். அவனுக்கு அந்தக் கணக்கு. அதனால பெட்டியைக் கடையில கொடுக்கிறதுக்கு முன்னாடி கார்டைக் கழட்டி சட்டைப்பையில போட்டுக்குங்க.