புரியாததை எறியாதே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்)

பொத்தானை அழுத்துகிறோம்; சில நொடிகளில் கணினித் திரை ஒளிர்கிறது. இடையில் நடந்தது என்ன? "கெர்னல் என்பது இயக்க முறைமையின் இதயம்" என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குவதோடு நம்மில் பலருடைய தேடல் முடிந்துவிடுகிறது. அந்த இதயம் தன் தலைப்பிள்ளையிடம் என்ன கொடுத்து அனுப்புகிறது என்று பார்த்தால், நமக்கும் அதில் ஒரு பாடம் இருப்பது புலப்படும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். கணினி விழித்ததும், கிரப் போன்ற ஏற்றி நிரல் கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கூடவே ஒரு கட்டளை வரியையும் அதன் கையில் தருகிறது. கெர்னல் அவ்வரியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கிறது. 'கொயட்' என்றிருந்தால் திரையில் காட்டும் செய்திகளைக் குறைத்துக்கொள்கிறது. 'ரூட்' என்றிருந்தால் மூலக் கோப்பமைப்பு எங்கே என்று அறிந்துகொள்கிறது. இவை அதற்குத் தெரிந்த சொற்கள்.

தெரியாத சொல் வந்தால்? குப்பையில் எறிவதில்லை! சமக்குறி இல்லாத சொல்லாயின், தான் தொடங்கும் முதல் நிரலான 'இனிட்'டுக்கு ஆர்குமென்ட்டாகக் கொடுக்கிறது. சமக்குறி உள்ளதாயின் சூழல் மாறியாகக் கொடுக்கிறது. பெயரில் புள்ளி இருந்தால் மட்டும், ஏதோ ஒரு மாட்யூலுக்கு உரியது என்று விட்டுவிடுகிறது. இரட்டைக் கோட்டுக்கு (--) அப்பால் வருவன யாவும் இனிட்டுக்கே சொந்தம். இவற்றோடு, ஹோம், டெர்ம் என்னும் இரு சூழல் மாறிகளைத் தன் பங்குக்குச் சேர்த்துக் கட்டிக்கொடுக்கிறது. இதற்கும் ஓர் அளவுண்டு. வழக்கமான அமைப்பில் ஆர்குமென்ட்டுக்கு 32, சூழலுக்கு 32 என்பது வரம்பு. மீறினால் கெர்னல் பீதியுற்று நின்றுவிடும்.

இதன் பயன் என்ன? 'சிங்கிள்' என்ற சொல்லுக்குக் கெர்னலுக்குப் பொருள் தெரியாது. ஆனால் பழைய மரபு இனிட்டுக்குத் தெரியும். ஒற்றைப் பயனர் நிலையில் கணினியைத் திறந்து, பழுது பார்க்க வழிவிடும். தூதுவனுக்குப் புரியாத ஓலை, பெற்றவனுக்குப் புரிகிறது!

"புரியாததையெல்லாம் தள்ளிவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'கொயட்' என்பதை ஓரெழுத்துப் பிழையோடு எழுதினால், அந்தப் பிழையும் சத்தமில்லாமல் இனிட்டுக்குப் போய்விடும். எழுதியவர் காரணம் தெரியாமல் தவிப்பார். 2021-இல் வந்த 5.14 பதிப்பு முதல், அறியாத சொற்கள் இவை என்று கெர்னலே பட்டியலிட்டுச் செய்தி தருகிறது. இதுவே சரியான நெறி என்பது என் கருத்து. புரியாததை எறியவும் வேண்டாம். புரிந்ததுபோல் நடிக்கவும் வேண்டாம். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லி, அடுத்தவர் கையில் கொடுத்தால் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், தமக்குப் புரியாத புத்தகத்தை எடைக்குப் போடாமல் பிள்ளை கையில் கொடுத்ததால்தான், என்னைப் போன்ற முதல் தலைமுறை மாணவர்கள் இக்கல்லூரி வாயிலை மிதித்திருக்கிறோம். அப்படி வந்த நாமே, "இது தேர்வுக்கு வராது" என்று ஒரு பக்கத்தைப் புரட்டித் தள்ளலாமா?

மாணவ நண்பர்களே! லினக்ஸின் மூல நிரல் யாவருக்கும் திறந்தே கிடக்கிறது. நான் சொன்னவற்றில் பெரும்பகுதி, 'இனிட்' என்னும் கோப்புறையில் 'மெயின்.சி' என்ற ஒரே கோப்பில் உள்ளது. நாம் முதலாண்டில் படித்த அதே சி மொழிதான். ஆய்வகத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். புரிந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள், புரியாததை நம் பின்னே வரும் இளையவர்களுக்குக் கேள்வியாகவேனும் விட்டுச் செல்லுங்கள்.