விலை மட்டும் போதுமா?



ஆண்டிறுதிப் பருவமழை தொடங்கிவிட்டால், பண்டார் தெங்காராவில் வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர் முதலில் நோக்குவது கரும்பலகையை அன்று, கூரையை.

முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கூரையைப் புதிதாக மாற்றினார்கள். அடுத்த மழைக்கே ஒழுகியது. மேசைகளை ஒதுக்கி, நடுவே வாளியை வைத்துவிட்டுப் பாடம் நடத்தினேன். அந்தக் குத்தகையாளரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று வினவியபோது, "அவர் கேட்ட விலைதான் ஆகக் குறைவு" என்றனர். பின்னர்ப் பழுதுபார்க்க மீண்டும் பணம் செலவானது. இரண்டு செலவுகளையும் கூட்டினால் அது குறைந்த விலைதானா?

நம் நாட்டில் ஜி1 எனும் கடைநிலைக் குத்தகையாளர்களுக்குரிய சிறு பணிகள் குலுக்கல் முறையில் வழங்கப்படுவதுண்டு. அனைவருக்கும் சம வாய்ப்பு என்பது நல்ல நோக்கமே. ஆனால் செம்மையாக வேலை செய்தவரின் சீட்டும், ஏனோதானோவென்று செய்தவரின் சீட்டும் பெட்டிக்குள் ஒன்றுதானே?

குலுக்கல் தமிழருக்குப் புதிதன்று. 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விளக்குகிறது. அங்கே தகுதியை ஆராய்ந்த பின்னரே ஓலை குடத்திற்குள் போனது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவருடைய உறவினர்க்கும் இடமில்லை. பழைய செயலைப் பார்த்தே புதிய பொறுப்பு! திருக்குறளிலும் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே உண்டு.

திறனையும் தரத்தையும் தொடக்கத்திலேயே எடைபோடாவிட்டால் என்னவாகும்? கோல திரங்கானுவில் 2008இல் திறக்கப்பட்ட சுல்தான் மிசான் சைனல் அபிடின் விளையாட்டரங்கின் கூரை, 2009 ஜூன் 2ஆம் நாள் சரிந்து விழுந்தது. வடிவமைப்புப் போதாமை, கூரையைப் பொருத்திய முறையில் பிழை, பொருளிலும் வேலைப்பாட்டிலும் தரக்குறைவு ஆகியவற்றை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. உயிரிழப்பு நேராதது நற்பேறு. நற்பேற்றை நம்பிப் பள்ளிக்கூடம் கட்டலாமா?

நமக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூர், 2005இல் பொதுக் கட்டுமானங்களுக்கு விலை–தர முறையைக் கொண்டுவந்தது. விலைக்கும் தரத்திற்கும் தனித்தனியே புள்ளிகள் இட்டு, இரண்டையும் கூட்டித் தேர்ந்தெடுக்கும் முறை அது. நம்மிடமும் அளவுகோல் இல்லாமலில்லை. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் 'கியூலாசிக்' மதிப்பீடு 2006 முதல் உள்ளது. முடிந்த கட்டடத்தின் வேலைப்பாட்டிற்கு அது புள்ளிகள் இடுகிறது. அப்புள்ளிகள் அடுத்த குத்தகையிலும் கணக்கில் வரவேண்டும். இத்தகைய மதிப்பீடு எட்டாத சிறு பணிகளுக்கு, ஓராண்டு கழித்துத் தலைமையாசிரியர் எழுதும் ஒரு பக்க அறிக்கை போதும். ஒழுகுகிறதா, விரிசல் உண்டா, அழைத்தபோது வந்து சரிசெய்தாரா? இம்மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்தால் போதாதா?

'தரம் என்ற பெயரில் வேண்டியவருக்குக் கொடுத்துவிடுவார்களே' எனச் சிலர் ஐயுறலாம். அந்த ஐயம் நியாயமானதே. விலை எண், எவரும் சரிபார்க்கலாம். தரம் அப்படியன்று. எனவேதான் எதற்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பெற்ற புள்ளிகளையும் பின்னர் வெளியிட வேண்டும். தேர்வுத்தாளைத் திருத்தும் நமக்கு இது தெரியாததா? புள்ளித் திட்டம் வெளிப்படையாக இருந்தால் ஆசிரியரே விரும்பினாலும் ஓரவஞ்சனை செய்ய இயலாது.

அரசாங்கக் கொள்முதல் சட்ட மசோதா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறியது. கொள்முதலுக்கெனத் தனிச் சட்டம் காணும் இவ்வேளையில், கட்டடத்தைப் பயன்படுத்துவோரின் குரலுக்கும் அதில் இடம் வேண்டும். நேர்மையாக உழைக்கும் சிறு குத்தகையாளருக்கும் அதுவே பாதுகாப்பு. விலையை அடிமட்டத்திற்குக் குறைப்பவரிடம் அவர் தோற்க வேண்டியதில்லை.

அந்தக் கூரையின் கீழ் அமர்வோர் நம் பிள்ளைகள். அவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து கூரையைத்தான் பார்க்கிறார்கள்.

சிந்திப்போம்.