தலையெழுத்தா, நஷ்டஈடா?

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ரோடுகளில் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் ஓடும் வேன்களைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேனும் எதிரே வந்த லாரியும் மோதிக்கொண்டால், வேன்காரர் லாரிக்காரர் மீதும், லாரிக்காரர் வேன்காரர் மீதும் குற்றம் சொல்லுவார்கள். கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏழைக்கு மாத்திரம், "எல்லாம் உன் தலையெழுத்து" என்று உபதேசம் நடக்கும். பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, சில ஆயிரம் ரூபாயைக் கையில் திணித்து, வெள்ளைக் காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போவார்.

தோழர்களே! வண்டிச் சொந்தக்காரருக்குத் தலையெழுத்தில் எவ்வளவு நம்பிக்கை என்று பாருங்கள். வண்டிக்குப் பொட்டு வைக்கிறார். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறார். ஆனால் வண்டி நொறுங்கினால் சாமியிடமா போகிறார்? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கல்லவா போகிறார்! பணக்காரன் இரும்புக்கு இன்ஷூரன்ஸ், ஏழை எலும்புக்குத் தலையெழுத்து என்றால், அந்தத் தலையெழுத்தை எழுதினவன் யாருக்கு வேண்டியவன்?

சட்டம் என்ன சொல்லுகிறது? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவுப்படி, உயிர் போனால் 5 லட்சம், பலத்த காயமானால் 2½ லட்சம் ரூபாய் கிடைக்கும். குற்றம் யாருடையது என்று ருசுப்படுத்த வேண்டியதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட இப்பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் அமுலிலிருக்கிறது. ஆனால் இதை ஒப்பி வாங்கிவிட்டால், அதிகத் தொகை கோரும் 166-வது பிரிவு மனு செல்லாமற்போகும். ஆகையால் ஆயுள் முழுதும் உழைக்க முடியாமற்போனவர் அவசரப்படக்கூடாது.

166-வது பிரிவில் எதிரியின் கவனக்குறைவைக் காட்ட வேண்டியதுதான். ஆனால் கொலைக் கேசைப்போல் சந்தேகமே இல்லாமல் காட்ட வேண்டியதில்லை; சாட்சியம் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறதோ அது போதுமென்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. தன் மேலும் பாதிக் குற்றமிருந்தால் பாதித் தொகைதான் குறையும், முழுதும் போகாது. வேனில் சும்மா உட்கார்ந்து வந்தவருக்கோ இரண்டு டிரைவர்களின் சண்டையில் சம்பந்தமே கிடையாது. அவர் எந்த ஒரு தரப்பிடமும் முழுத் தொகையையும் வசூலிக்கலாம், பங்குப் பிரிவினையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது 2015-ம் வருஷத்துத் தீர்ப்பு.

சொந்த ஊர் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டுமென்று திருத்தச் சட்டம் சொல்லுவதால் நாள் கடத்தக்கூடாது. போலீசின் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிக் காயச் சான்று, கூலிக் கணக்கு இம்மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கூலிக்குச் சீட்டே கொடுக்காத முதலாளியிடம் இன்றே சீட்டுக் கேளுங்கள். சீட்டில்லாவிட்டால் உங்கள் உழைப்பைக் கோர்ட்டு மதிப்பது கஷ்டம்.

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. ஜாதகத்தைப் பார்த்தா நிர்ணயித்தது?

"ரத்தத்துக்குப் பணம் வாங்குவதா?" என்று சிலர் கூசுகிறார்கள். நஷ்டஈடு பிச்சையல்ல, நஷ்டத்தை உண்டாக்கினவன் தீர்க்க வேண்டிய கடன். கடனைக் கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கேட்காமல் வெள்ளைக் காகிதத்தில் கைநாட்டு வைப்பதே மானக்கேடு.