இதயத்தைக் காக்கும் தரவுகள்

இதய மருத்துவர் என்றதும், அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நிற்பவரே நம் நினைவுக்கு வருகிறார். மக்களின் உடல்நலத் தரவுகளைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் சேகரித்து ஆராயும் மருத்துவ ஆய்வாளரும் உயிர்களைக் காப்பவரே. அவருடைய பணிக்கு நாம் போதிய மதிப்பு அளிப்பதில்லை என்பது என் கருத்து.

1948ஆம் ஆண்டு, அமெரிக்காவில் உள்ள ஃபிரேமிங்ஹம் என்னும் ஊரில் ஓர் இதய ஆய்வு தொடங்கியது. அதில் 5,209 பேர் சேர்ந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்துப் பதிவு செய்தார்கள். வயதானால் இரத்த அழுத்தம் கூடுவது இயல்புதான், அதைக் குறைக்கத் தேவையில்லை என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். 1950ஆம் ஆண்டு இந்த ஆய்வில் இணைந்து, பின்னர் அதன் இயக்குநரான மருத்துவர் வில்லியம் கேனல், பதிவேடுகளைக் கொண்டே அந்த நம்பிக்கையை மறுத்தார். உயர் இரத்த அழுத்தமும் அதிகக் கொழுப்பும் இதய நோய்க்கான அபாயக் காரணிகள் என்பதை விளக்கும் கட்டுரையை அவருடைய குழு 1961இல் வெளியிட்டது. அப்போது ஆய்வு தொடங்கி 13 ஆண்டுகள் ஆகியிருந்தன! இன்று பலதுறை மருந்தகத்தில் தாதி நம் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறாரே, அந்த வழக்கத்திற்குப் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது.

ஆனால், அந்த 5,209 பேரில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அவர்களை வைத்துப் போட்ட கணக்கு எல்லா இனத்தவருக்கும் அப்படியே பொருந்தாது. அதனால்தான் சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கு அந்தக் கணக்கைத் தனித்தனியே மாற்றி அமைத்தார்கள். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு அபாயம் அதிகம். ஆய்வுக்கு அழைக்கும்போது, “நமக்கு எதற்கு வீண் வம்பு?” என்று நம்மவர்கள் ஒதுங்கினால், பிறருடைய எண்களைக் கொண்டே மருத்துவர்கள் நம் இதயத்தை மதிப்பிட நேரிடும்.

தயங்குபவர்களைக் குறை கூறவும் முடியாது. 2018இல் சிங்கப்பூரில் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் இணையத்தாக்குதலில் திருடப்பட்டன. எனவே, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிய பிறகே தரவுகளை ஆய்வாளரிடம் தர வேண்டும். அவை எதற்குப் பயன்படும் என்பதைத் தாத்தா பாட்டிக்கும் புரியும்படி தமிழில் விளக்க வேண்டும். அதற்கு மருத்துவமும் கணிதமும் தெரிந்த, தமிழும் பேசக்கூடிய ஆய்வாளர்கள் தேவை. உங்கள் வகுப்பில் கணக்கை விரும்பும் ஒருவர் இரத்தத்தைக் கண்டால் மயங்குபவராக இருக்கலாம். அவருக்கும் இத்துறையில் இடமுண்டு.