ஒப்பம் யாருடையது?

மகளுக்குச் சீதன உறுதி முடிக்கும் நாளில் நம் கமக்காரர் நொத்தாரிசின் முன் அமர்ந்து, மனமுவந்து கொடுத்தோம் என்று கூறி ஒப்பமிடுகின்றார். பத்துப் பரப்புத் தோட்டக் காணியும் கிணற்றுப் பங்கும் அன்றோடு மகளுக்காயின என்றே அவர் நம்புகின்றார். ஆயினவா?

தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் சொந்தக் காணியை விற்கவோ, ஈடு வைக்கவோ, தன் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கின்றது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். கணவன் தன் முதுசொம்மை விற்பதற்கோ மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. அவள் பசுவை விற்கலாம், நகையை விற்கலாம். மரணசாசனத்தால் அதே காணியை எவருக்கும் எழுதலாம். இறந்தபின் செல்லுபடியாகும் அவள் விருப்பம் உயிரோடிருக்கையில் செல்லாதாம்! 1923ஆம் ஆண்டின் சட்டம் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு இத்தளையை அறுத்துவிட்டது. வடக்கின் பெண்ணுக்கு அது விலக்கப்பட்டது.

கணவன் கைவிட்டாலோ, காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாமே என்பர் சட்டமறிந்தோர். உண்மைதான். ஆனால் வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டியே காணியை ஈடு வைக்க வந்தவள் அவள். 2009இல் முடிந்த போரிலே கணவனைத் தொலைத்து, அவன் வருவான் என்றே காத்திருக்கும் வன்னிப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் ஒருவர் சம்மதமும் வேண்டாம். எடுப்பதற்கு, அவர் இறந்துவிட்டார் என்று அவள் தன் வாயாற் சொல்லவேண்டும்.

தேசவழமை நம் மரபு, அதிற் கைவைத்தல் ஆகாது என்று சினப்பவர் உளர். அம்மரபில் எமக்கும் பற்றுண்டு. சீதனத்தைப் பெண்ணின் தனியுடைமையாகப் பேணியதும் அதுவே. ஆயினும் 1707இல் ஒல்லாந்தர் எழுத்திற் பதித்த அத்தொகுப்பை 1911இல் திருத்தினோம். தேடியதேட்டம் பற்றிய விதியை 1947இல் மீண்டும் திருத்தினோம். அப்போது அழியாத மரபு, சம்மதம் பற்றிய ஒரு பிரிவை நீக்குவதால் அழிந்துவிடுமோ?

அப்பிரிவை நீக்கும் மசோதாவை வரைந்து பாராளுமன்றத்திற்கு அனுப்புவது வடக்கின் நியாயவாதிகள் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை. நம் பிரதிநிதிகளோ அதனைக் கேட்டு வாங்கவும் இல்லை.