ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள்

சென்ற வாரம் வெள்ளவத்தையில் வசிக்கும் எனது தங்கை தொலைபேசியில் அழைத்திருந்தாள். அவளுடைய மகளுக்குப் பதினான்கு வயதும் மகனுக்கு ஏழு வயதும் நிறைவடைகின்றன. இருவரும் ஆவணியில் பிறந்தவர்கள். இரண்டு பிறந்தநாட்களுக்கும் இடையில் பதினேழு நாட்களே உள்ளன.

“அண்ணா, இந்தமுறை இரண்டையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்வம் எண்டு யோசிக்கிறம். இரண்டு தரம் செலவழிக்க ஏலாது. நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் மருமகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். “மாமா, அது தம்பியின்ர பார்ட்டி. கேக்கில என்ர பெயரையும் போடுவினம், அவ்வளவுதான். வாற ஆக்களுக்குச் சோடா குடுக்கிறதுதான் என்ர வேலை” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றிரவு அந்தச் சிரிப்பு என்னை உறங்கவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எங்கள் வீட்டிலும் பிறந்தநாட்கள் சேர்த்தே கொண்டாடப்பட்டன. எனக்கும் தம்பிக்கும் நான்கு வயது வித்தியாசம். அவனுடைய பிறந்தநாள் என்னுடையதற்குப் பன்னிரண்டு நாட்கள் பின்னால் வரும். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அன்றைய நிலைமையை விளக்கத் தேவையில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சீனிக்கும் கோதுமை மாவுக்கும் தட்டுப்பாடு. பாண் வாங்குவதற்கு விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்கவேண்டும். அந்த நாளில் ஒரு கேக் செய்வதற்கு அம்மா எத்தனை வாரங்கள் சீனி சேர்த்துவைத்திருப்பார் என்பதை இன்று எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு கேக் என்பது நினைத்தும் பார்க்க முடியாதது.

ஆகவே என்னுடைய நாளிலேயே இருவருக்கும் கொண்டாட்டம் நடந்தது. கத்தி என் கையில் இருக்கும். தம்பியின் கை என் கையின்மேல் இருக்கும். பன்னிரண்டு நாட்கள் கழித்து அவனுடைய நாள் வரும், போகும். பிற்காலத்தில் தட்டுப்பாடு நீங்கியபோதும் வழக்கம் மாறவில்லை. அது ஒரு குறை என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஏனெனில் கத்தி என் கையில் அல்லவா இருந்தது!

தம்பி 1989இல் ஐரோப்பாவுக்குப் போனான். பல ஆண்டுகளின் பின்னர் ஒருமுறை, என் பிறந்தநாளன்று அவன் என்னை வாழ்த்துவதற்கு அழைத்தபோது, “உனக்கும் வாழ்த்துக்கள்” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். அவன் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பிறகு சொன்னான்: “அண்ணா, எனக்கெண்டு ஒரு பிறந்தநாள் இருக்குது எண்டது, இஞ்ச வந்து அகதி விண்ணப்பம் நிரப்பேக்கதான் எனக்கே விளங்கினது. அந்தத் திகதியை முதல்முதலாக் கேட்டது ஒரு வெள்ளைக்கார அதிகாரி.”

அவனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இதனை எழுதுவது பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவதற்காக அல்ல. எங்கள் அம்மா செய்தது வறுமையின் கணக்கு. இன்றைய பெற்றோரின் கணக்கும் பெரிதாக வேறுபட்டதல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் எட்டிய நாடு இது. அதன் பின்னர் பணவீக்கம் தணிந்தது உண்மை. ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சம்பளங்களும் அந்த அளவுக்கு ஏறவில்லை. முட்டை, பட்டர், பால்மா, எரிவாயு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கும் தாய், இரண்டு விழாவை ஒன்றாக்க நினைப்பதில் என்ன தவறு? புலம்பெயர்ந்த நாடுகளிலும் மண்டப வாடகையும் உறவினரின் விடுமுறையும் இதே முடிவுக்கே தள்ளுகின்றன. அக்காவின் சாமத்திய வீட்டையும் தம்பியின் பிறந்தநாளையும் ஒரே மண்டபத்தில் நடத்தும் அழைப்பிதழ்கள் எனக்கும் வந்திருக்கின்றன.

“பிறந்தநாள் கொண்டாடுவதே வெள்ளைக்காரனின் பழக்கம், எட்டுப் பிள்ளைகள் இருந்த வீட்டில் யார் கேக் வெட்டினார்கள்?” என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. கேக் வெட்டவில்லைதான். ஆனால் எட்டுப் பேருக்கும் எட்டு நட்சத்திரம் இருந்தது. திகதியைப் போலன்றி நட்சத்திரப் பிறந்தநாள் ஆண்டுதோறும் நகர்வது. ஒரே மாதத்தில் பிறந்த இருவரில், சில ஆண்டுகளில் மூத்தவரின் நட்சத்திரம் முதலில் வரும். சில ஆண்டுகளில் இளையவரின் நட்சத்திரம் முந்திக்கொள்ளும். என் மருமக்களையே எடுத்துக்கொள்வோம். அக்கா ஆவணி ரோகிணி, தம்பி ஆவணி மகம். ஆவணியின் தொடக்கத்திலேயே அமாவாசை வரும் ஆண்டில் மகம்தான் முதலில் வரும். பஞ்சாங்கம் மூத்தவர், இளையவர் என்று பார்ப்பதில்லை.

கோயிலிலும் அப்படித்தான். குடும்பம் முழுவதற்கும் ஒரே அர்ச்சனைத் தட்டு வாங்கலாம். ஒரே தேங்காய், ஒரே வாழைப்பழச் சீப்பு. ஆனால் குருக்கள் ஒவ்வொருவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் தனித்தனியே கேட்டுத்தான் சொல்லுவார். செலவைச் சேர்க்கலாம், பெயரைச் சேர்க்கக்கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

இதைத்தான் தங்கையிடமும் சொன்னேன். விழாவை ஒன்றாகவே வையுங்கள். ஆனால் முதலில் மகளிடம் கேளுங்கள். முடிவை எடுத்துவிட்டு அறிவிப்பது கேட்பதாகாது. ஒரு பெரிய கேக்குக்குப் பதிலாக இரண்டு சிறிய கேக் செய்யுங்கள். மாவும் சீனியும் ஏறக்குறைய அதே அளவுதான். ஏழு வயதுப் பையனின் கார்ட்டூன் படத்தின் கீழே தன் பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை எப்படி விரும்புவாள்? வாழ்த்துப் பாடலை இரண்டு தடவை பாடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

நேரத்தையும் பிரித்துவிடலாம். நான்கு மணிக்குச் சின்னவர்கள் வந்து சங்கீதக் கதிரை விளையாடி, கட்லட்டும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு ஆறரை மணிக்குப் புறப்படட்டும். அதற்குப் பிறகு அவளுடைய தோழிகள் நான்கைந்து பேர் வந்து தங்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு கொத்துரொட்டி சாப்பிடட்டும். அந்த நேரத்தில் தம்பி சோடா கொடுக்கட்டும்.

இந்தக் கடைசி விடயத்தைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. நம்முடைய வீடுகளில் மூத்தது பெண்பிள்ளையாகவும் இளையது ஆணாகவும் இருந்தால், சேர்ந்த கொண்டாட்டம் என்பது பெரும்பாலும் அவன் விழாவில் அவள் வேலை என்றே முடிகிறது. தட்டு எடுப்பதும் மேசை துடைப்பதும் அவள். புகைப்படத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். நான் கத்தியைப் பிடித்திருந்தேன், தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். இவள் பார்த்துக்கொண்டுகூட நிற்கமுடியாது.

இறுதியாக ஒன்று. விழா எந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தாலும், உரிய நாளை வெறுமனே கழியவிடாதீர்கள். அன்று காலையில் சுவாமி விளக்கின் முன்னால் நிறுத்தித் திருநீறு பூசுங்கள். ஒரு கிண்ணம் பாயசம் செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால், இன்று உன்னுடைய நாள் என்று வாயாலாவது சொல்லுங்கள்.

தங்கை எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டாள். கொத்துரொட்டிச் செலவு என்னுடையது என்றும் தீர்மானித்துவிட்டாள். மருமகள் இன்னும் முழுமையாக நம்பவில்லை. “பார்ப்பம் மாமா” என்கிறாள்.

என் தம்பியின் திகதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைத்திருக்கிறேன். அம்மா இன்று இல்லை. அந்த நாளில் அவனை அழைக்கவேண்டியது இனி என்னுடைய கடமை.