தந்தி அறுவதற்கு முன்பே

நம் சூழலில் கிதாரைப் பற்றி எழுதப்படுபவை அநேகமாக இரண்டு வகைப்படும். ஒன்று, இளையராஜாவின் பாடல்களில் அவ்வாத்தியம் ஒலிக்கும் இடங்களைப் பற்றிய நெகிழ்வான நினைவுகூரல்கள். மற்றொன்று, மேற்கத்திய மேதைகளைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள். இரண்டிலும் இசை உண்டு, கலைஞன் உண்டு. வாத்தியம் மட்டும் இருப்பதில்லை. மரமும் உலோகமும் பசையும் சேர்ந்த ஒரு பொருள் அது என்பதும், அதில் பூட்டப்பட்டிருக்கும் ஆறு தந்திகளும் தேய்ந்து அழியும் இயல்புடையவை என்பதும் பேசப்படுவதில்லை. இக்கட்டுரை அந்தப் பேசப்படாத பகுதியைப் பற்றியது. கிதாரின் தந்திகளை எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது, யார் மாற்றுவது என்று மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வியே முக்கியமானது என்பது எங்கள் எண்ணம். எனினும் முதலிரண்டின் வழியாகத்தான் அதை வந்தடைய முடியும்.

தந்தி அறுந்தால்தான் மாற்றவேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத விதி. ஆனால் தந்தி அறுவதற்கு வெகுகாலம் முன்பே செத்துவிடுகிறது. தடித்த தந்திகள், ஓர் உள்கம்பியின் மீது மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்படுபவை. அச்சுற்றுகளின் இடுக்குகளில் விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தோலின் துகள்களும் சென்று படிகின்றன. ஃப்ரெட்டுகளின் மீது நாள்தோறும் அழுத்தப்படுவதால் தந்தியின் அடிப்பக்கத்தில் சிறுசிறு பள்ளங்கள் விழுகின்றன. ஒரு தந்தி செம்மையாக ஒலிக்க, அதன் நிறை முழுநீளத்துக்கும் ஒரே சீராக இருந்தாகவேண்டும். அச்சீர்மை குலையும்போது, அடிப்படைச் சுரத்தின் மீது எழும் மேற்சுரங்கள் தமக்குரிய கணக்கிலிருந்து விலகிப்போகின்றன. விரைவிலேயே அடங்கியும் விடுகின்றன. நாம் 'மந்தமாக ஒலிக்கிறது' என்று சொல்வது இதைத்தான்.

இதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. செத்த தந்தி திறந்த நிலையில் சுருதி சேர்ந்திருப்பதுபோலக் காட்டும். கழுத்தின் மேற்பகுதியில் விரல் வைத்தால் சுருதி பிசகும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் ஒரு சுரம் கேட்கும். அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் கேட்கவேண்டும். புதுத் தந்தியில் இரண்டும் பொருந்தியிருந்த கிதாரில் இப்போது அவை விலகினால், குற்றம் பெரும்பாலும் தந்தியுடையது. நம்முடைய வெக்கையிலும் கடலோர ஊர்களின் உப்புக்காற்றிலும் இந்த அழிவு இன்னும் துரிதமாக நிகழ்கிறது. நாள்தோறும் ஒரு மணிநேரம் வாசிப்பவருடைய எஃகுத் தந்திகள் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் உயிரோடு இருப்பது அரிது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கற்கவந்த சிறுவனுக்குத்தான் நட்டம். வாங்கிய நாளில் பூட்டியிருந்த தந்தியிலேயே, அது துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிட்ட பின்பும் அவன் ஓராண்டு, ஈராண்டு பயில்கிறான். விரல் நுனி எரிகிறது. எத்தனை முறை முறுக்கினாலும் சுருதி சேர்வதில்லை. 'இளைய நிலா'வின் தொடக்கத்தை எவ்வளவு சரியாக வாசித்தாலும் அது அந்தப் பாடலைப்போல ஒலிப்பதில்லை. அவன் தந்தியைச் சந்தேகிப்பதில்லை, தன்னையே சந்தேகிக்கிறான். தனக்கு இசைஞானம் இல்லை, காது இல்லை என்ற முடிவுக்கு வருகிறான். கிதார் உறைக்குள் போய் அலமாரியின் மேலே ஏறுகிறது. நம் வீடுகளின் பரண்களில் கிடக்கும் கிதார்களில் ஒரு பகுதியேனும் திறமையின்மையால் அல்ல, ஆறு பழந்தந்திகளால் கைவிடப்பட்டவை என்றே நாங்கள் கருதுகிறோம்.

அடுத்தது, எந்தத் தந்தி என்பது. கிதார் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே வாத்தியம் அல்ல. ஸ்பெயின் மரபிலிருந்து வரும் செவ்வியல் கிதாருக்கு நைலான் தந்தி. அமெரிக்க மரபின் தட்டையான மேற்பலகை கொண்ட கிதாருக்கு எஃகுத் தந்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ தோரெஸ் செம்மைப்படுத்திய செவ்வியல் கிதாரின் மேற்பலகைக்கு அடியில் மெல்லிய மரச்சட்டங்கள் விசிறிபோல விரிந்து அதைத் தாங்குகின்றன. 1833ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மார்ட்டினின் பட்டறையிலோ 1840களில் சட்டங்கள் பெருக்கல் குறியின் வடிவில் பொருத்தப்பட்டன. அதுவும் அன்று குடல் தந்திக்காகச் செய்யப்பட்டதே. பின்னாளில் எஃகின் இழுவிசையைத் தாங்கும் வடிவமாக அதுவே நிலைபெற்றது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. நைலான் தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. ஆகவே, 'சத்தம் பெரிதாக வரும்' என்று செவ்வியல் கிதாரில் எஃகுத் தந்தியைப் பூட்டுவது வாத்தியத்தைக் கொல்லும் வழி. சில மாதங்களில் மேற்பலகை வயிறுபோலப் புடைக்கும். ஒருநாள் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும். மின்கிதார் கதை வேறு. அதன் காந்தம் தந்தியின் அசைவை உணர, தந்தியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் இருந்தாகவேண்டும். நைலானை அது அறியாது.

நைலானே பின்னால் வந்ததுதான். இரண்டாம் உலகப்போர்வரை செவ்வியல் கிதாரின் மெல்லிய தந்திகள் ஆட்டுக் குடலிலிருந்து செய்யப்பட்டன. போர்க்காலத்தில் குடல் நூல் காயங்களைத் தைக்கும் அறுவை மருத்துவத்துக்குத் தேவைப்பட்டது. இசைக்குத் தட்டுப்பாடு வந்தது. 1935ல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு உருவாக்கிய நைலான் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் அகஸ்டினும் ஸ்பானிய மேதை அந்த்ரேஸ் செகோவியாவும் சேர்ந்து முயன்றதன் பலனாக, 1940களின் பிற்பகுதியில் நைலான் தந்தி அரங்கேறியது. செகோவியாவைப் போன்ற ஒரு கலைஞர், தந்தி எதனால் ஆனது என்பதைக் கடைக்காரரின் கவலையாக விட்டுவிடவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இனி, எப்படி மாற்றுவது. எஃகுத் தந்தி கிதாரை முன்னிறுத்திச் சொல்கிறோம். இழுவிசையோடு இருக்கும் தந்தியை வெட்டக் கூடாது. கண்ணிலோ கையிலோ பாயும். சாவியைத் திருகித் தந்தி தொய்ந்து தொங்கும்வரை தளர்த்தவேண்டும். பிறகு பிரிட்ஜில் அதைப் பிடித்திருக்கும் முளையை நேர்மேலாக இழுத்து எடுக்கவேண்டும். வராவிட்டால் தந்தியைச் சற்று உள்ளே தள்ளினால் முளை இளகும். இடுக்கியால் நெம்புவது பிரிட்ஜைச் சிதைக்கும். புதுத் தந்தியின் நுனியிலுள்ள உலோகக் குண்டைத் துளைக்குள் விட்டு, முளையின் பள்ளம் தந்தியை நோக்கி இருக்குமாறு பொருத்தி, தந்தியை மெல்ல மேலே இழுக்கவேண்டும். குண்டு முளையின் அடிநுனியில் முட்டி நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து, உட்பலகையில் சென்று பதியவேண்டும். முறுக்கும்போது முளை மேலெழும்பித் தெறிப்பதற்கு இந்த ஒன்றே பெரும்பாலும் காரணம்.

மறுமுனையில், தந்தியைச் சாவித்தண்டின் துளையில் நுழைத்து, சுமார் ஐந்து சென்டிமீட்டர் தளர்வு விட்டு முறுக்கத் தொடங்கவேண்டும். தடித்த தந்திக்கு இரண்டு மூன்று சுற்றுகளும், மெல்லியதற்கு மூன்று நான்கு சுற்றுகளும் போதும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கவேண்டும். சுற்று அதிகமானால் அவை இறுகிக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. குறைந்தால் தந்தி வழுகும். உரிய சுருதிக்கு வந்தபின் தந்தியை விரலால் மெல்ல இழுத்து நீட்டவேண்டும். சுருதி இறங்கும், மறுபடி ஏற்றவேண்டும். இழுத்தும் இறங்காத நிலை வரும்வரை இதைச் செய்து, எஞ்சிய நுனியைக் கடைசியாக வெட்டலாம். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலாகவே சேர்க்கவேண்டும். மேலிருந்து இறக்கிச் சேர்த்தால் பற்சக்கரத்தின் தளர்வு பின்னர் நம்மை ஏமாற்றும்.

நைலான் தந்தியைப் பிரிட்ஜில் முடிச்சிட்டுக் கட்டவேண்டும். வழுக்கும் இயல்புடைய மெல்லிய தந்திகளை அந்த முடிச்சில் இரண்டு மூன்று முறை சுற்றியாகவேண்டும். பிறகும் அது நிலைகொள்ளச் சில நாட்கள் ஆகும். தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறதே என்று பதற வேண்டியதில்லை. அது நைலானின் இயல்பு.

ஆறு தந்திகளையும் ஒருசேரக் கழற்றினால் கழுத்து வளைந்துவிடும் என்றொரு நம்பிக்கை நிலவுகிறது. ஒட்டப்பட்ட பிரிட்ஜ் உள்ள சாதாரண கிதாரில், சுத்தம் செய்வதற்காக ஒருமணிநேரம் எல்லாவற்றையும் கழற்றி வைப்பதால் எந்தத் தீங்கும் இல்லை. விரற்பலகையில் படிந்திருக்கும் அழுக்கைத் துடைக்க அதுவே தருணம். தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும், ஒட்டப்படாத பிரிட்ஜ் கொண்ட கிதாருக்கும், சுருள்வில்லோடு சமன்செய்து மிதக்கும் பிரிட்ஜ் கொண்ட மின்கிதாருக்கும்தான் ஒவ்வொன்றாக மாற்றும் விதி பொருந்தும். ஒரு வாத்தியத்துக்குரிய விதியைக் காரணம் அறியாமல் எல்லாவற்றுக்கும் நீட்டிக்கும்போது அது சடங்காகிவிடுகிறது.

எங்கள் தரப்புக்கு எதிரான வலுவான சாட்சி ஒன்றையும் சொல்லவேண்டும். மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலன்றி மாற்றாதவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய பழந்தந்திகளின் மந்தமான, உருண்ட நாதமே அப்பாடல்களின் அடையாளம். இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஜேமர்சன் அந்த ஒலியைக் கேட்டு, தேர்ந்து, அதில் நின்றவர். தேர்வுக்கும் அசிரத்தைக்கும் இடையில் உள்ள தூரம் பெரிது. புதுத் தந்தியின் ஒலியையே அறியாத ஒருவர் பழந்தந்தியைத் தேர்ந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இப்போது மூன்றாவது கேள்வி. மேலே சொன்ன வேலைகள் எதற்கும் அபூர்வமான திறமை தேவையில்லை. முதல்முறை ஒருமணிநேரம் ஆகும். பழகிவிட்டால் அரைமணிநேரம்கூட ஆகாது. அப்படியிருந்தும், வாசிக்கத் தெரிந்தவர்களே கிதாரை உறையிலிட்டுக் கடைக்குத் தூக்கிச்செல்கிறார்கள். நேரமின்மையை இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது அரைகுறை உண்மை. வாசிப்பது கலை, பழுதுபார்ப்பது கூலிவேலை என்ற பிரிவினை நம் பிரக்ஞையில் ஆழப் படிந்திருக்கிறது என்பதே எங்கள் அவதானிப்பு. டி.எம். கிருஷ்ணா 2020ல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூல், மிருதங்கம் செய்பவர்களின் வரலாற்றைப் பேசியபோது இந்தப் பிரிவினையின் சாதிமுகம் அப்பட்டமாக வெளிப்பட்டது. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் பிடித்து, நாதத்தையே உருவாக்கும் அக்குடும்பங்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். மேடையின் வரலாற்றில் அவர்களுக்குப் பெயர் இல்லை. கிதார் இந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்த வாத்தியம். அதற்குச் சாதி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கையை அழுக்காக்கிக்கொள்ளாத கலைஞன் என்ற பிம்பத்தை அதன் மீதும் ஏற்றிவிட்டோம்.

மிருதங்கம் மூட்டுவது பல்லாண்டுகள் கற்கவேண்டிய கைத்தொழில். அதை ஒவ்வொரு வித்வானும் செய்தாகவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கிதார்த் தந்தியை மாற்றுவது அப்படிப்பட்டதல்ல. சைக்கிள் டயருக்குக் காற்றடிப்பதைப்போல, பேனாவுக்கு மை நிரப்புவதைப்போல, பயன்படுத்துபவர் தாமே செய்துகொள்ளவேண்டியது. அதைச் செய்யும்போதுதான் வாத்தியத்தின் உட்பகுதி முதன்முதலாகக் கண்ணில் படுகிறது: முளைக்கு அடியில் என்ன இருக்கிறது, எந்த ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் தொடங்கியிருக்கிறது. காதுக்கும் அது பாடம். தொய்ந்த கம்பி ஒன்று உறுமலில் தொடங்கி, 110 ஹெர்ட்ஸ் என்ற தன் இடத்துக்கு ஏறி நிற்பதைத் தன் கையால் உணர்ந்தவருக்குச் சுருதி என்பது வெறும் சொல்லாக இருக்காது. கைபேசியின் ட்யூனர் செயலி, முள் எங்கே நிற்கிறது என்று காட்டும். அந்த ஏற்றத்தைக் கற்பிக்காது.

கிதார் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எங்கள் வேண்டுகோள் எளியது. முதல் மாதத்திலேயே, முதல் பாடலுக்கு முன்பாக, மாணவர்களைத் தங்கள் தந்திகளைத் தாங்களே கழற்றிப் பூட்டச் செய்யுங்கள். பெற்றோர் பயப்படுவார்கள், ஒரு தந்தி வீணாகவும் கூடும். தாழ்வில்லை. இன்னொரு தந்தி வாங்கிக்கொள்ளலாம். தனக்கு இசை வராது என்று முடிவுகட்டிவிட்ட மாணவனைத் திரும்ப அழைத்துவருவதுதான் கடினம்.